நூலுதாங்க, வேற ஒண்ணுமில்ல

என் வீட்டு வாஷிங் மெஷினில் அன்றைக்கு என்ன அடைத்துக்கொண்டிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை எடுத்தவருக்குத் தெரியும். என் பொண்டாட்டிக்கும் தெரியும் என்று சந்தேகம். மெஷினுக்குச் சொந்தக்காரனான எனக்கு மட்டும் தெரியாது.

எடுத்தவர் பேரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கொடைக்கானலில் அந்தக் காலத்தில், அதாவது செல்போன் சிக்னலுக்காக ஏரிக்கரை வரை நடந்துபோன காலத்தில், மெஷின் வைத்திருந்த எல்லா வீட்டுக்கும் லாட்ஜுக்கும் அவரைத் தெரியும். மெஷின்கார அண்ணே என்றால் போதும். ஒல்லியான ஆள். முழங்கையில் ஒட்டுப்போட்ட ஸ்வெட்டர். தலையில் மங்கி குல்லா. அந்தக் குல்லாவை இடது காதை மூடியும் வலது காதைத் திறந்தும் ஒரு தினுசாக மடித்து மாட்டியிருப்பார். வலது காது மெஷினுக்கு. மனுஷர்கள் பேசுவதை மூடிய காதால்தான் கேட்பார்.

நான் பிளம்பர். ஊர் பேத்துப்பாறை. படிப்பு மூன்றாம் வகுப்பு. அந்த வகுப்பில் மூன்று வருஷம் இருந்தேன். வாத்தியார் மாறிப்போனார், நான் மாறவில்லை. பிளம்பிங்கை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் வெள்ளத்தில் மிதக்கவிட்ட வீடுகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித்தந்தன. தொழிலில் சேர்ந்த இரண்டாம் வருஷம் பைப் ரிஞ்சு வழுக்கி என் முன்பல் ஒன்றைக் கொண்டுபோய்விட்டது. வத்தலக்குண்டு பல் டாக்டர் ரோஸ் கலர் தகட்டில் ஒற்றைப் பல்லை ஒட்டி மாட்டிவிட்டார். மெதுவாகப் பேசினால் நிற்கும், வேகமாகப் பேசினால் கழன்று நாக்கில் விழும் என்றார். மெதுவாகப் பேசுவதற்கு நான் எங்கே போவேன்? ஊரில் ஆயிரம் குழாய்க்கு வாஷர் போட்டவன், என் வாய்க்கு மட்டும் வாஷர் கிடைக்கவில்லை. காதில் விழுந்தது எதுவும் எனக்குள் அரை மணி நேரத்துக்கு மேல் தங்காது.

அப்படிப்பட்ட நானும் அவரும் ஜோடி சேர்ந்ததற்குக் காரணம் தண்ணீர். வீட்டுக்குள் தண்ணீர் நின்றால், அது மெஷின் கோளாறா பைப் கோளாறா என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேரையும் கூப்பிடுவார்கள். போகப்போக, ஒருத்தரைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் போக ஆரம்பித்தோம்.

மெஷினில் எத்தனையோ கோளாறு வரும். சுற்றாது, சுற்றினால் நிற்காது, நின்றால் கதவு திறக்காது. அவர் பேர் வாங்கியது ஒரே கோளாறில்தான். துவைத்து முடித்தபின் தண்ணீர் வெளியே போகாமல் உள்ளேயே நிற்பது. துணியெல்லாம் ஊறிப்போய், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மீன் தொட்டி மாதிரி தெரியும். வீட்டம்மா தலையில் கைவைத்து நிற்பார். அண்ணன் உள்ளே நுழைந்ததும் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"கடைசியா என்னாங்க போட்டீங்க?"

அந்த "என்னாங்க"வில் சிலோன் இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயசில் அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர். நாங்கள் வெரசா என்றால் அவர் சுருக்கா என்பார். நாங்கள் பேசுவோம், அவர் கதைப்பார். கதைப்பதும் எப்போதாவதுதான்.

கேட்டுவிட்டு மெஷினைத் தொடமாட்டார். என்னை வெளியே அனுப்புவார். "மெஷினை ஏசுறதுக்கு முன்னுக்கு ஹோஸைப் போயி ஏசிட்டு வா." தண்ணீர் வெளியே போகிற ஹோஸ் எங்காவது மடங்கியிருக்கிறதா, எவனாவது அதன்மேல் பூந்தொட்டியை வைத்திருக்கிறானா என்று பார்ப்பது என் சோலி. நான் பார்க்காமல் விட்டதும் உண்டு. ஒரு ஜனவரி மாதம், புல்லெல்லாம் உறைபனி விழுந்து உப்புக் கொட்டின மாதிரி கிடந்த காலையில், அவர் வருவதற்குள் பேர் வாங்கிவிடலாம் என்று ஒரு லாட்ஜில் நானே மெஷினுக்கு அடியில் படுத்துப் பாதியைக் கழற்றிவிட்டேன். இரண்டு மணி நேரம். கோளாறு என்னவென்றால், ராத்திரி முழுக்க வெளியே கிடந்த ஹோஸுக்குள் மிச்சத் தண்ணீர் ஐஸாகி அடைத்திருந்தது. பத்து மணிக்கு வெயில் வந்தது. ஐஸ் தானாக இளகியது. அவர் உள்ளே வந்து சுவிட்சைப் போட்டார். நான் கழற்றி வைத்திருந்த பாதி வழியாக மொத்தத் தண்ணீரும் என்மேல் இறங்கியது. எட்டுப் பேர் குளித்த துண்டு ஊறின தண்ணீர்.

அவர் சொன்னது, "மெஷின் நல்லாத்தான் இருக்கு. உன்னைத்தான் பிழியணும்."

ஹோஸ் சரியாக இருந்தால் அடுத்தது காது. தரையில் படுத்து, திறந்த காதை மெஷினின் அடிவயிற்றில் வைப்பார். உர்ரென்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் பம்பு உயிரோடு இருக்கிறது. கிர்க் கிர்க் என்றால் எதுவோ மாட்டியிருக்கிறது. அதன்பிறகுதான் கீழ் மூலையிலுள்ள சின்ன மூடியைத் திறந்து, பில்டரைத் திருகுவார். அது தரையை ஒட்டி இருப்பதால் வாளியோ சட்டியோ அடியில் நுழையாது. அதற்காகவே பேக்கரியில் பன் சுடுகிற பழைய தகரத் தட்டு ஒன்று வைத்திருந்தார். தட்டு நிறைய நிறைய நான் கொண்டுபோய்க் கொட்டவேண்டும்.

பில்டர் கழன்று வருகிற நேரம், வீட்டிலிருக்கிற எல்லாருக்கும் அவரிடமிருந்து ஒரு வேலை வரும். "அம்மா, ஒரு செம்பு சுடுதண்ணி." "சார், மெயின் சுவிட்சுக்கிட்ட நில்லுங்க, சொன்னதும் அணைக்கணும்." அவர்கள் போய்வருவதற்குள் முதுகை மறைப்பாக வைத்துக்கொண்டு உள்ளே விரலை விட்டுத் துழாவி, கிடைத்ததை எடுத்து, மூடியை இறுக்கி, எழுந்துவிடுவார். சுடுதண்ணீர் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. நான்தான் கேட்டேன். கை கழுவ என்றார்.

"என்னங்க கெடந்துச்சு?" என்பார்கள்.

"நூலுதாங்க, வேற ஒண்ணுமில்ல. வருசம் பூராவும் ஸ்வெட்டர் போடுற ஊரு. உதிரத்தானே செய்யும்?"

உள்ளங்கையில் சாம்பல் கலரில் ஒரு நூல் உருண்டையைக் காட்டுவார். எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்த உருண்டை அவர் டூல்ஸ் பையின் சைடு ஜிப்பில் இருப்பது. எனக்குத் தெரிந்து நாலு வருஷம் அதே உருண்டைதான். தட்டிலிருக்கிற தண்ணீரில் ஒருதரம் நனைத்துக்கொள்வார், அவ்வளவுதான். நூல் அடைத்த மெஷின்களும் உண்டு. ஆனால் நூல் மட்டும் அடைத்தவை குறைவு. மனுஷன் சட்டைப்பையில் என்னென்ன வைத்து மறப்பான் என்பதும், எதையெல்லாம் வைத்து மறைப்பான் என்பதும் பில்டருக்குத்தான் தெரியும்.

ஒரு சார் வீடு. சிகரெட்டை விட்டு ஆறு மாதம் ஆகிறது என்று அவர் வீட்டம்மா எங்களுக்கு அல்வாவே கொடுத்தார். பில்டரில் வந்தது ஒரு லைட்டர், பளபளவென்று புதுசு. நம்ம அண்ணன் அதைக் கைக்குள் அடக்கி, மெயின் சுவிட்சுக்கிட்ட நின்றிருந்த சாரிடம் போய், கும்பிடுகிற சாக்கில் அவர் கைக்குள் வைத்துவிட்டார்.

"சார், உங்க ஸ்வெட்டர்லதான் நூலு கூடுதலா வருது. கொஞ்சம் குறைச்சுக்கங்க."

சாருக்குக் காது வரை சிவந்துவிட்டது. "குறைச்சுக்கிறேன்ப்பா, குறைச்சுக்கிறேன்."

இதை என்னால் எப்படி உள்ளே வைத்திருக்க முடியும்? நேராக டீக்கடை. நடித்தே காட்டினேன். கடை முழுக்கச் சிரித்தது. சாயங்காலத்துக்குள் அந்த வீட்டம்மா காது வரை போய்விட்டது. அந்த வீட்டில் எங்களை அதன்பிறகு கூப்பிடவில்லை. பக்கத்து இரண்டு வீடும் கூப்பிடவில்லை. அண்ணன் என்னைத் திட்டவில்லை. ஒரு மாதம் என்னைக் கூப்பிடாமல் தனியாகப் போனார், தட்டையும் அவரே தூக்கிக் கொட்டினார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு மேட்டில் வழிமறித்தேன்.

"ஏண்ணே, ஒரு லைட்டருக்காக இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு அலையிறீங்க?"

"லைட்டரு இல்லடா. வீட்டுக்குள்ள விடுறாங்கல்ல, அது." டூல்ஸ் பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் பெறந்தது லயத்துல. ஒரே கூரை, பன்னெண்டு குடும்பம், நடுவுல பேருக்கு ஒரு செவரு. அங்கிட்டு ஒருத்தன் பெருமூச்சு விட்டாலும் இங்கிட்டு கேக்கும். கேட்டும் கேக்காத மாதிரி இருந்தாத்தான் காலையில மூஞ்சி பாத்துக் கதைக்க முடியும். ஒரு வீட்டுச் சங்கதி அடுத்த வீட்டுக்குப் போச்சுன்னா லயமே நாறிப்போகும். மெய்யாத்தான் சொல்றேன், ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா இந்த ஊர்ல எனக்குக் கதவு தொறக்காது."

அத்தனை நீளமாக அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இனிமே வாயைத் தொறக்க மாட்டேண்ணே."

"தொறக்காம இருக்க உன்னால ஆகாது. வாஷர் போட்டுட்டு வா."

அடுத்த மாதம்தான் என் வீட்டு மெஷின் மக்கர் செய்தது. ஒரு லாட்ஜில் கழித்துப்போட்டதை நான் தூக்கிவந்தது அது. அவர் வந்தார், கேட்டார், காது வைத்தார். என்னைப் பார்த்து, "மேல டேங்க் வால்வை மூடிட்டு வா" என்றார். என் வீட்டில் மேலே டேங்கே கிடையாது. ஓட்டுக் கூரை. பழக்கதோஷத்தில் வெளியே போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். சுதாரித்து உள்ளே ஓடிவந்தால் மூடி இறுகியிருந்தது. என் பொண்டாட்டி அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

"நூலுதான்" என்றார்.

"அண்ணே, எங்கிட்டயேவா?"

"நூலுதான்டா."

"ஏய், என்னடி கெடந்துச்சு?"

"அதான் அண்ணன் சொல்லிட்டாகள்ல" என்றாள் அவள், திரும்பாமலே.

நூலு என்ற அந்த வார்த்தைக்கு ஊரிலேயே அர்த்தம் தெரிந்த ஆள் நான் ஒருத்தன்தான். அதனால்தான் எனக்குத் தூக்கம் போனது. அவளிடம் சண்டை போட்டுப் பார்த்தேன், மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். பூவை வைத்துக்கொண்டாள்.

இனி ஸ்வெட்டர் கடை வீட்டுக்கு வருகிறேன். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். கொடைக்கானலில் ஸ்வெட்டர் கடைகளை எண்ணி முடிக்கிறவர் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். பழனியிலிருந்து மேலே வந்து கடை போட்ட குடும்பம். மகன் கடையில் இருப்பார். கடைக்கும் வீட்டுக்கும் அதிகாரம் அம்மாதான். மருமகள் வந்து இரண்டு வருஷம். நாங்கள் உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிஷத்தில் அந்தம்மா தன் மனக்குறையையும் காதுக்குறையையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

"பேரப்புள்ளைக்காக மாசாமாசம் கிருத்திகைக்குப் பழனிக்குப் போறேன்ப்பா. இந்த மலையெறங்கி அந்த மலையேறி முட்டி தேஞ்சதுதான் மிச்சம், முருகன் கண்ணத் தொறக்கல. பத்தாததுக்கு ரெண்டு நாளா இந்தக் காதுத் தோட்டுல திருகாணியக் காணோம். தங்கத் திருகாணி. இந்த மெஷினுக்குள்ளதான் கெடக்கும், நல்லாத் தேடி எடுப்பா."

மருமகள் காபி டம்ளரை வைத்துவிட்டு மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றது. முகத்தில் ஈ ஆடவில்லை. நான் அதை அப்போது கவனிக்கவில்லை, காபியைக் கவனித்தேன். அண்ணன் கவனித்திருப்பார்.

ஹோஸ் நன்றாக இருந்தது. பம்பு கிர்க் கிர்க் என்றது. தட்டை வைத்து மூடியைத் திருகினார். நாலு தட்டுத் தண்ணீர் கொட்டினேன். ஐந்தாவது தட்டுக்கு, "அம்மா, ஒரு செம்பு சுடுதண்ணி" என்றார்.

"மருமக கொண்டாருவா." அந்தம்மா நாற்காலியை இழுத்து அவர் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். திருகாணி ஆயிற்றே.

அண்ணன் உள்ளே விரலை விட்டார். நான் தட்டுக்காகக் குனிந்திருந்ததால் எனக்கு மட்டும் தெரிந்தது. விரலிடுக்கில் வெள்ளியாகப் பளபளத்தது ஒரு மாத்திரை அட்டையின் துண்டு. இரண்டே குழி. அது என்ன மாத்திரை என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு நர்சம்மா என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போன அதே அட்டை. பிள்ளை வேண்டாம் என்கிறவர்கள் போடுவது.

அது அவர் இடது கைக்குள் போய் மூடிக்கொண்டது. வலது கையில் சாம்பல் உருண்டை வந்தது.

"நூலுதாங்க, வேற ஒண்ணுமில்ல."

அந்தம்மா அதை வாங்கினார். இதுவரை யாரும் வாங்கிப் பார்த்ததில்லை. பிய்த்தார். முகர்ந்தார்.

"இது யாரு வீட்டு நூலு?"

"ஏங்கம்மா?"

"எங்க வீட்டுல சாம்பக் கலரு ஒருத்தரும் போடுறதில்ல. நான் மெரூன், அவன் நீலம், அவ பச்சை. முப்பது வருசமா நூல்லயே கெடக்கேன், எங்கிட்டயேவா? இது இன்னைக்கு உதிர்ந்த நூலே இல்ல. அந்தக் கையில என்ன வச்சிருக்க?"

"அதுலயும் நூலுதாங்க."

"நூலுன்னா தொறந்து காட்டு."

அவர் காட்டவில்லை. அத்தனை வீட்டுக்கும் அவரிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். நூல் விற்கிறவர்கள் வீட்டில் வந்து அது செல்லாமல் போனது.

அந்தம்மா குரலை உயர்த்த, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள். அதில் ஒருத்தர் எங்களுக்கு மாதம் நாலு வேலை கொடுக்கிற லாட்ஜ் மேனேஜரின் வீட்டம்மா. மெஷின்காரன் திருகாணியைத் திருடிவிட்டான் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். எந்த வீடும் அவரை உள்ளே விடாது.

"அம்மா, உங்க சாமான் எங்கிட்ட இல்ல."

"பழனியாண்டி மேல சத்தியம் பண்ணு."

"சத்தியமா உங்க சாமான் இல்லங்கம்மா."

"அப்ப யாரு சாமான் அது?"

அடுப்படி வாசலில் மருமகள் சுடுதண்ணீர்ச் செம்போடு நின்றது. செம்பு சரிந்து, தண்ணீர் காலில் கொட்டியது. அந்தப் பொண்ணு காலை நகர்த்தவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். திருடன் பட்டம் வாங்கிக்கொண்டு போக முடிவு செய்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அவர் திருடனில்லை என்று ஆகிவிடும். அந்த ஒரு வார்த்தையில் அந்தப் பொண்ணு இந்த வீட்டில் குடியிருக்க முடியாமல் போய்விடும்.

அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "ஏப்பா பிளம்பரு, நீ சொல்லு. நீ குனிஞ்சு பாத்தீல்ல? உனக்குத்தான் எதுவும் உள்ள நிக்காதே."

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். லைட்டர் விஷயத்துக்குக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. திறந்த வேகத்தில் பல் கழன்று நாக்கில் விழுந்தது.

வாழ்க்கையில் எனக்கு வந்த ஒரே யோசனை அப்போதுதான் வந்தது. பல்லை நாக்கால் தள்ளிக் கன்னத்தில் ஒதுக்கினேன். ஈயென்று இளித்துக் காட்டினேன்.

"அம்மா, அது என் பல்லுங்க."

"என்னது?"

"கட்டுப்பல்லுங்க. தட்டைத் தூக்கக் குனிஞ்சப்போ பொத்துனு தண்ணியில விழுந்துருச்சு. பொம்பளைக இருக்கிற எடத்துல பொக்கைவாயோட நிக்க வெக்கமா இருந்துச்சுங்க. அண்ணே, மானத்தக் காப்பாத்துங்கன்னு கண்ணக் காட்டினேன். அதான் அவரு ஒளிக்கிறாரு. போதும்ணே, குடுத்துருங்க. போன மானம் போகட்டும்."

கையை நீட்டினேன். அவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு என் உள்ளங்கைமேல் தன் கையைக் கவிழ்த்து வைத்தார். நான் விரலை மூடிக்கொண்டேன்.

"அழுக்குத் தண்ணிடா, கழுவிட்டுப் போடு" என்றார். அவருக்கு இவ்வளவு நடிப்பு வருமென்று நான் நினைக்கவில்லை.

கழுவினால் தெரிந்துவிடுமே! அப்படியே வாய்க்குள் போட்டேன். திரும்பி நின்று, நாக்கால் பல்லை இடத்தில் பொருத்தி, மாத்திரை அட்டையைக் கடைவாய்க்கு அனுப்பிவிட்டு, முழுவரிசையாகச் சிரித்தேன்.

"ச்சீ கருமம்!" என்றார் மேனேஜர் வீட்டம்மா. வாசலில் நின்ற இன்னொருத்தர் சிரித்துச் சிரித்து கதவைப் பிடித்துக்கொண்டார். அந்தம்மாவுக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அட எடுபட்ட பயலே, இதச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? நல்ல மனுசனத் திருடன்னு சொல்ல வச்சுட்டியே!" பாவம் பார்த்து முறுக்குத் தட்டை வேறு என் முன்னால் வைத்தார். "தின்னுப்பா. பல்லு நிக்குதான்னு பாப்போம்."

ஒரு பக்கக் கன்னத்தில் அட்டை, மறுபக்கத்தில் முறுக்கு. அட்டையின் முனை குத்துகிறது, சோப்புத் தண்ணீர் கசக்கிறது. அந்தம்மா ஊர்ச்சங்கதியெல்லாம் கேட்கிறார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"இவன் பேசாம இருந்து நான் பாத்ததே இல்லையே."

"பல்லு இறுகட்டுமுன்னு இருக்கான்மா" என்றார் அண்ணன்.

கிளம்பும்போது மருமகள் பக்கம் பார்த்து, எப்போதும் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "தங்கச்சி, துணி போடுறதுக்கு முன்னுக்குப் பையெல்லாம் ஒருக்கா உதறிப் பாத்துக்கங்க. நூலு சின்னதுதான். ஆனா வீட்டையே நிப்பாட்டிப்புடும்."

"சரிங்கண்ணே" என்றது.

யூகலிப்டஸ் வளைவு வரை இரண்டு பேரும் பேசவில்லை. எனக்கு முடியாது, அவருக்குப் பழக்கமில்லை. அங்கே நின்று துப்பினேன். அட்டை வந்து புல்லில் விழுந்தது. ஒரு குழியில் மாத்திரை இருந்தது. இன்னொரு குழி பிய்ந்து காலியாக இருந்தது.

"ரெண்டும் இருந்துச்சேடா."

"முறுக்கோட போயிருச்சு போலண்ணே."

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். குல்லாவைக் கழற்றி முகத்தில் அழுத்திக்கொண்டு சிரிக்கிறார். "இனி உனக்குப் புள்ளை பெறக்காதுடா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். வாய்விட்டுச் சிரித்தபோதுதான் பார்த்தேன், அவருக்கும் மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. நாலு வருஷம் பக்கத்திலேயே இருந்தவனுக்கு அதைக்கூடக் காட்டியதில்லை.

நாலு நாள் கழித்து அந்தம்மாவின் மங்கி குல்லாவுக்குள்ளேயே திருகாணி மாட்டிக்கொண்டு கிடந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பை பிளம்ஸ் வந்தது. ஊருக்குள் என் பேர் பல்லு பிளம்பர் ஆகிவிட்டது. டீக்கடையில் நுழைந்தால், "ஏலே, பல்லப் பாத்துக் குடி, கிளாஸுக்குள்ள விழுந்துறப்போவுது" என்பார்கள். நடந்ததைச் சொன்னால் நான் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிந்துவிடும். நாக்கு நுனி வரை வரும். டீயை ஊற்றி உள்ளே அனுப்பிவிடுவேன்.

அந்தப் பொண்ணு பாதியில் விட்டிருந்த டீச்சர் டிரெயினிங்கை எழுதி முடித்தது. அதற்கப்புறம் பிள்ளை. பழனியில் மொட்டையடித்துக் காது குத்தியபோது எங்களையும் அழைத்தார்கள். அந்தம்மா, "என் முட்டியத் தேச்சு வாங்கின புள்ளப்பா இது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பந்தியில் எனக்குப் பாயசம் ஊற்ற அந்தப் பொண்ணே வந்தது. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அண்ணே, அன்னைக்கு ரொம்பக் கசந்துச்சா?" என்று கேட்டது.

"நூலு எங்கயாச்சும் கசக்குமா தாயி?" என்றேன். பக்கத்து இலையில் அண்ணன் அப்பளத்தை நொறுக்குகிற சத்தம் நின்றது. மெஷினுக்கான காது என் பக்கம்தான் இருந்தது.

அதற்கடுத்த வருஷம் அவர் மலையை விட்டுப் போனார். கோத்தகிரிப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் கூப்பிட்டுவிட்டாள். வெள்ளனே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பெட்டியைத் தூக்கி மேலே போட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். குல்லா அதே மடிப்பு. திறந்த காது என் பக்கம்.

"அண்ணே, போறதுக்கு முன்னாடியாச்சும் சொல்லிட்டுப் போங்க. எங்க வீட்டு மெஷின்ல அன்னைக்கு என்ன கெடந்துச்சு? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு இப்ப உங்களுக்கே தெரியுமே."

ஜன்னல் பக்கம் குனிந்தார். சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தோளில் வைத்தார்.

"நூலுடா" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். பொண்டாட்டி வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அண்ணன் போயிட்டாகளா? என்ன சொன்னாக?"

"கேட்டேன்."

அவள் முகத்தில் ஈ ஆடவில்லை. இந்தத் தடவை கவனித்தேன்.

"நூலுன்னாரு" என்றேன்.

ஒரு மூச்சு விட்டாள். அடுப்படிக்குப் போனாள். வந்த டீயில் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாக இருந்தது. கேட்கலாமென்று வாயைத் திறந்தேன். டீயை ஊற்றி மூடிக்கொண்டேன்.